அட்டை மாதிரி நடக்குது, எட்டு காலும் இருக்கு... எது நீர்க்கரடி?

கேள்வி: ஐயா வணக்கம். ஊட்டி பக்கத்துல ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சரா இருக்கேன். சதுப்பு ஓரத்துல கெடச்ச பாசிய புழிஞ்சு அந்த தண்ணிய மைக்ராஸ்கோப்புல வெச்சோம். ஒண்ணு அட்டை மாதிரி நடக்குது, இன்னொண்ணு பிரவுனா எட்டு காலோட இருக்கு. ரெண்டுமே நீர்க்கரடின்னு பசங்க அடிச்சு சொல்றாங்க. சரியா?

- வாசகி, நீலகிரி

பதில்: டீச்சர், நீர்க்கரடின்னா பாசி ஈரத்துல வாழற டார்டிகிரேட்ங்கற பொடி விலங்கு. நீங்க எழுதுனத வெச்சு பாத்தா அட்டை மாதிரி நடக்கறது நீர்க்கரடி இல்லங்க, எட்டு கால் உள்ளத கால பாத்துதான் சொல்லணும். மொதல்ல அந்த அட்டை. மழைக்காலத்துல சோலைக்குள்ள போனவங்களுக்கு அந்த நடை நல்லாவே தெரியும், முன்பக்கம் நீண்டு ஒட்டும், பின்பக்கத்த இழுத்துட்டு வந்து வளையும், மறுபடி நீளும். பாசித்தண்ணில அப்படியே நடக்கறது ரோட்டிஃபர்ங்கற பொடி விலங்கு, அதுலயும் டெலாய்ட்னு ஒரு கூட்டம், அந்த பேரே கிரேக்கத்துல அட்டைக்கு உள்ள சொல்லுல இருந்து வந்ததுதான். ஸ்லைட ஆட்டாம கொஞ்ச நேரம் பொறுத்து பாருங்க, வால்பக்கத்தால ஒட்டிக்கிட்டு தலைய விரிக்கும், ரெண்டு சக்கரம் சுத்தற மாதிரி இருக்கும், நெஜத்துல எதுவும் சுத்தல, பொடி ரோமங்க வரிசையா அடிக்கறதுதான் அப்படி தெரியுது. உடம்புக்குள்ள தாடை மென்னுட்டே இருக்கறதும் தெரியும். டெலாய்ட்ல எல்லாமே பொண்ணுதான், பசங்ககிட்ட இத கட்டாயம் சொல்லுங்க!

அடுத்து அந்த எட்டு கால். நீர்க்கரடிக்கும் எட்டுதான், அதனால எண்ணிக்கைய மட்டும் நம்பாதீங்க, கால உத்து பாருங்க. கணு கணுவா மடங்குதா, உடம்பு வண்டு ஓடு மாதிரி பளபளக்குதா, அப்ப அது மைட், அதாவது சிலந்தி, உண்ணி வகையறால ஒரு பொடி உயிர், நம்ம தேயிலைய கெடுக்கற செஞ்சிலந்திக்கு சொந்தம். நீர்க்கரடிக்கு கணுவே கெடயாது, மொழுமொழுன்னு குட்டை கால், நுனில நகம், கடைசி ஜோடி பின்பக்கமா திரும்பி இருக்கும். கண்ணாடில பிடி கெடைக்காம பாவம் காத்துல கால ஆட்டிட்டே கெடக்கும், ஒரு பாசி இலைய பக்கத்துல போடுங்க, உடனே கட்டிப்பிடிச்சு ஏறும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. என்ன இனம்னு சொல்றதுக்கு நகம், வாய்க்குழாய், முட்டை ஓடு எல்லாம் பெரிய லென்ஸ்ல பாக்கணும், ஸ்கூல்ல அந்த அளவுக்கு போக வேண்டாம், எந்த கூட்டம்னு தெரிஞ்சா போதும்.

அசையாம சின்ன குடுவை மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா தூக்கி போட்டுடாதீங்க. அது பெரும்பாலும் ஓடு கட்டிக்கிட்டு வாழற அமீபா, ஒரே செல், அதனால விலங்கு கணக்குல வராது. உள்ள இருந்தது செத்தாலும் ஓடு பீட் மண்ணுல, அதாவது சதுப்புல செடிங்க முழுசா மக்காம சேர்ந்த மண்ணுல, ஆயிரக்கணக்கான வருஷம் கெடக்கும், எந்த ஓடு இருக்குன்னு பாத்து அப்ப அந்த எடம் எவ்ளோ ஈரமா இருந்துச்சுன்னு கணிக்கறாங்க. நம்ம நீலகிரி பீட்ல கார்பன் ஐசோடோப்ப (எடை வேற வேறயா இருக்கற கார்பன் அணுக்கள) வெச்சு 20,000 வருஷ பருவநிலைய சொன்ன ஆராய்ச்சி 1993ல வந்துச்சு, அவ்ளோ பழைய மண்ணு அது. அதனால ஒரு வேண்டுகோள், அடுத்த தடவ சதுப்புல கை வைக்காதீங்க டீச்சர். ஸ்கூல் சுவத்துல காஞ்சு கெடக்கற பாசிய ஒரு பிடி எடுத்து மழைத்தண்ணில ராத்திரி ஊற வைங்க, காலைல புழிஞ்சு பாருங்க, காஞ்சு சுருண்டு கெடந்த நீர்க்கரடி இருந்தா எழுந்து நடக்கும்.