போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷன்: எழுதுவது யார், ஓடுவது யார் பெயரில்?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள் பைத்தானில் எழுத உதவும் பிஎல்பைத்தான்3யு-வில் ஃபங்ஷன் எழுத எங்கள் டெவலப்பருக்கு கிராண்ட் (உரிமை) கொடுத்தால் எரர் வருகிறது. ஏன்?

வரத்தான் செய்யும். பெயரின் கடைசியில் இருக்கும் அந்த 'யு', இது அன்டிரஸ்டட் மொழி, அதாவது கோட் என்ன செய்யலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இல்லாத மொழி, என்பதற்கான அடையாளம். இதில் எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் மட்டும்தான் ஃபங்ஷன் உருவாக்க முடியும், கிராண்ட் செய்யவே போஸ்ட்கிரெஸ் விடாது. இந்தக் கோட், டேட்டாபேஸ் சர்வர் எந்த ஓஎஸ் யூசராக ஓடுகிறதோ அந்த யூசராகவே ஃபைலைத் திறக்கும், நெட்வொர்க்கில் பேசும். எரரைப் போக்க டெவலப்பரை சூப்பர்யூசர் ஆக்கிவிடாதீர்கள். அவர் எழுதித் தரட்டும், டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) படித்துப் பார்த்து உருவாக்கட்டும். உருவான பிறகு, எக்ஸிக்யூட் (ஓட்டும்) உரிமை உள்ள யாரும் அதைக் கூப்பிடலாம்.

பெர்ல், டிசிஎல் மொழிகள் இரண்டுக்கும் கட்டுப்பாட்டுக்குள் ஓடும் டிரஸ்டட் வகை இருக்கிறது. பைத்தானுக்கு மட்டும் ஏன் இல்லை?

முன்பு இருந்தது. பைத்தானுக்குள் இருந்த கட்டுப்பாட்டு வசதி நம்பத்தக்கதல்ல என்று 2003-இல் பைத்தான் 2.3-இல் முடக்கினார்கள், போஸ்ட்கிரெஸ்ஸும் 7.4 முதல் அதை அன்டிரஸ்டட் ஆக்கிவிட்டது.

டேபிளைப் படிக்க அனுமதி இல்லாதவர் ஃபங்ஷன் வழியாக மட்டும் படிக்கட்டும் என்று செக்யூரிட்டி டிஃபைனர் போட்டேன். இது போதுமா?

போதாது. பெரும்பாலும் கோட்டை விடுகிற இடம் இதுதான். செக்யூரிட்டி டிஃபைனர் ஃபங்ஷன், கூப்பிடுபவரின் உரிமையில் ஓடாமல் ஓனரின் உரிமையில் ஓடும். புதிதாக உருவாகும் எந்த ஃபங்ஷனுக்கும் எக்ஸிக்யூட் உரிமை தானாகவே பப்ளிக்குக்கு, அதாவது எல்லா ரோலுக்கும் (யூசர் கணக்குக்கும்), போய்விடும். அதனால் உருவாக்கும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் பப்ளிக்கிடமிருந்து அந்த உரிமையை ரிவோக் செய்து (திரும்பப் பெற்று), தேவையான ரோலுக்கு மட்டும் கிராண்ட் கொடுங்கள். தனித்தனியாகச் செய்தால் நடுவில் கொஞ்ச நேரம் கதவு திறந்தே கிடக்கும்.

அப்புறம் சர்ச் பாத், அதாவது டேபிள் போன்றவற்றை எந்த ஸ்கீமாக்களில் (டேட்டாபேஸின் உட்பிரிவுகளில்) எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியல். ஃபங்ஷனுக்குள் ஸ்கீமா பெயர் இல்லாமல் ஒரு டேபிளைக் குறிப்பிட்டிருந்தால், கூப்பிடுபவர் அதே பெயரில் ஒரு டெம்ப் (தற்காலிக) டேபிளை உருவாக்கி உங்கள் ஃபங்ஷனை ஏமாற்றலாம், ஏனென்றால் டெம்ப் ஸ்கீமாவைத்தான் முதலில் தேடும். ஃபங்ஷனிலேயே சர்ச் பாத்தை செட் செய்து, நம்பகமான ஸ்கீமாக்களுக்குப் பிறகு டெம்ப் ஸ்கீமாவைக் கடைசியில் வையுங்கள். ஓனராக சூப்பர்யூசரை வைக்காமல், லாகின் இல்லாத தனி ரோல் ஒன்றை வைப்பது நல்லது. உள்ளே ஓடும்போது கட்டப்படும் டைனமிக் எஸ்க்யூஎல் இருந்தால் ஸ்டிரிங்கை ஒட்டி ஒட்டிக் கட்டாதீர்கள். மதிப்புகளை எக்ஸிக்யூட் கட்டளையின் யூசிங் பகுதி வழியாகத் தனியாக அனுப்புங்கள்.

போஸ்ட்கிரெஸ் 15-க்கு மாறிவிட்டோம். பப்ளிக் ஸ்கீமா இப்போது பாதுகாப்புதானே?

புதிதாக உருவாக்கிய டேட்டாபேஸ் என்றால் சரி, அதில் எல்லோருக்கும் கிரியேட் உரிமை கிடையாது. பழையதை அப்கிரேட் செய்திருந்தால் பழைய உரிமையும் கூடவே வந்திருக்கும், நீங்களே ரிவோக் செய்ய வேண்டும்.

சூப்பர்யூசர் அல்லாத ஒருவர் பிஎல்பெர்ல் எக்ஸ்டென்ஷனை (பெர்லில் ஃபங்ஷன் எழுத உதவும் கூடுதல் தொகுப்பை) நிறுவிவிட்டார். ஓட்டையா?

இல்லை. 2020-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 13 முதல், டேட்டாபேஸில் கிரியேட் உரிமை இருந்தாலே டிரஸ்டட் எக்ஸ்டென்ஷனை நிறுவலாம். வேண்டாம் என்றால் அந்த உரிமையைப் பிடுங்குங்கள்.

டேபிளில் மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் டிரிகரின் ஃபங்ஷனுக்கு எக்ஸிக்யூட்டை ரிவோக் செய்தும் டிரிகர் ஓடுகிறதே?

டிரிகரை உருவாக்கும்போதுதான் அந்த உரிமையைப் பார்ப்பார்கள், ஓடும்போது அல்ல. நிறுத்த வேண்டுமென்றால் டிரிகரையே டிராப் அல்லது டிசேபிள் செய்யுங்கள்.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வருகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

அங்கே எதுவும் சொல்லாவிட்டால் டிஃபைனர், இங்கே இன்வோக்கர், அதாவது கூப்பிடுபவரின் உரிமை. அங்கே ஓடிய புரொசீஜர் இங்கே அனுமதி இல்லை என்று நின்றால், உடனே எல்லாவற்றுக்கும் டிஃபைனர் போடாமல் எதற்கு உண்மையில் தேவை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.