லேடீஸ் சைக்கிள் தான் லேடீஸ் ஓட்டணுமா? சீட் வலிக்கு என்ன பண்றது?

அப்படி ஒண்ணும் இல்லைங்க. லேடீஸ் சைக்கிள்ல நடுவுல இருக்கிற பாரை கீழ இறக்குனது 1880கள் கடைசில, அந்த காலத்து நீள பாவாடைக்காக, உடம்பு அமைப்புக்காக இல்ல. நம்ம ஊர்லயும் புடவை கட்டுறவங்களுக்கு அது வசதி தான், ஆனா 1990கள் ஆரம்பத்துல புதுக்கோட்டைல அறிவொளிங்கிற எழுத்தறிவு இயக்கத்துல பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டப்போ லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளே ஓட்டுனாங்க, முன்னாடி பார்ல குழந்தைய உட்கார வைக்கலாம்னு அதையே விரும்பி எடுத்தவங்களும் உண்டு.

சீட் தான் உண்மையான பிரச்சனை. உட்காரும்போது வெயிட்ட தாங்க வேண்டியது பின்னாடி அடியில இருக்கிற ரெண்டு எலும்பு, பொதுவா பெண்களுக்கு அது ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம் அதிகமா இருக்கும், ஆனா ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும், அதனால லேடீஸ் சீட்னு லேபிள் பாத்து வாங்காதீங்க. அட்டைப்பெட்டி அட்டை ஒண்ணு எடுத்து கெட்டியான ஸ்டூல்ல போட்டு முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்து எந்திரிங்க, ரெண்டு குழி விழும், அதோட நடு டு நடு அளந்து சுமார் 2 செ.மீ. கூட்டிக்கோங்க, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுறவங்கன்னா இன்னும் கொஞ்சம் சேர்த்து, அது தான் உங்களுக்கு வேண்டிய சீட் அகலம்.

மெத்து மெத்துனு ஜெல் சீட் கடைல சுகமா தான் இருக்கும், தூரம் போனா எலும்பு உள்ள அமுங்கி, ஜெல் மேல எழும்பி நடுவுல இருக்கிற சதைய அழுத்தும் (ஜெல் கவர் விக்கிறவங்க இத சொல்ல மாட்டாங்க). புதுசு வாங்குறதுக்கு முன்னாடி, இருக்கிற சீட்டோட மூக்கு மேல தூக்கிட்டு இருக்கான்னு பாருங்க, ஸ்பேனர் வெச்சு மட்டமாக்குனாலே நிறைய பேருக்கு பாதி வலி போயிடும்.