கிணற்றுத் தண்ணீரும் பவளத் தொட்டியும்

கேள்வி: அக்கா, என் 200 லிட்டர் பவளத் தொட்டியில் நைட்ரேட் 80 பிபிஎம்மை (லிட்டருக்கு 80 மில்லிகிராம்) விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. இரண்டு கோமாளி மீன், ஒரு டேம்சல் மீன், கொஞ்சம் ஜோவா என்ற மென்பவளம், ஒரு ஹேமர் பவளம், அவ்வளவுதான். வாரம் தவறாமல் 40 லிட்டர் மாற்றுகிறேன். குளோரின் இல்லையே என்று வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் உப்பு கலக்கிறேன். சூட்டுக்கு ஃபேன் போட்டிருப்பதால் தினம் 4 லிட்டர் போல வற்றும். அதையும் கிணற்றிலிருந்தே நிரப்புவேன். ஹேமர் பழுப்பாகிவிட்டது. வோட்கா ஊற்றினால் இறங்கும் என்கிறார் ஒரு நண்பர். ஊற்றலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, வோட்காவை முதலில் மூடி வையுங்கள். கிணற்றைச் சுற்றி என்ன இருக்கிறது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் என்று பந்தயம் கட்டுவேன்! வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக உரம் வீசியவரின் மகள் நான். அந்த உரத்தில் உள்ள அம்மோனியமும் யூரியாவும் மண்ணில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் மண்ணில் ஒட்டி நிற்காது. ஒரு நல்ல மழைக்கு நிலத்தடி நீரோடு போய்விடும்.

இன்றே கிணற்றுத் தண்ணீரை, உப்பு கலக்காமல், தொட்டியைச் சோதித்த அதே நைட்ரேட் கிட்டில் சோதியுங்கள். ஏபிஐ கிட் என்றால் இரண்டாம் புட்டியை 30 விநாடி பலமாகக் குலுக்குங்கள். சொட்டு விட்டபின் குழாயை 1 நிமிடம் குலுக்க வேண்டும். சோம்பல்பட்டால் அளவு குறைவாகக் காட்டும். சில கிட்டுகள் நைட்ரேட்டை நைட்ரஜன் கணக்கில் காட்டும், அதை 4.43-ஆல் பெருக்கினால்தான் உண்மையான நைட்ரேட் அளவு.

கிணற்றில் 20 பிபிஎம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 4 லிட்டரில் 80 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டிக்கு அது நாளுக்கு 0.4 பிபிஎம், மாதத்துக்கு 12. வற்றுவது தண்ணீர் மட்டும்தான், நைட்ரேட் அல்ல. சாம்பார் சுண்டினால் உப்புக் கரிப்பது போலத்தான். வாரம் மாற்றும் 40 லிட்டரும் அதே கிணறு என்றால், ஒரு கையால் எடுத்ததை மறு கையால் ஊற்றுகிறீர்கள். மீன் மூன்றுதான் என்கிறீர்கள், எனக்கு அவற்றின் மேல் சந்தேகமே இல்லை.

இடையில் ஒன்று. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 50 பிபிஎம். கிணறு அதைத் தாண்டினால், அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்க வேண்டாம். கொதிக்கவைத்தாலும் போகாது, இன்னும் கெட்டியாகும்.

தொட்டிக்கு ஆர்ஓ (நுண்சவ்வில் வடிகட்டிய) தண்ணீர் வாங்குங்கள் அல்லது சிறு கருவி ஒன்று போடுங்கள். ஆர்ஓ சவ்வு நைட்ரேட்டைக் கொஞ்சம் நழுவவிடும். அதனால் பின்னால், மிச்ச உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின் இருக்கட்டும், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். வற்றியதற்கு உப்பில்லாத அந்தத் தண்ணீர்தான். மாற்றுவதற்கு மட்டும் உப்பு. லுமுட் கடற்கரையிலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவரலாமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். கரையோரத் தண்ணீரில் மழைக்கு என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சுத்தமான தண்ணீரில் வாரம் 40 லிட்டர் மாற்றினால் 80 என்பது 64, 51, 41 என்று இறங்கும். தீனியால் ஏறுவது தனி. ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றி ஹேமரை நோகடிக்க வேண்டாம். உறைந்த தீனியை வடிகட்டியில் போட்டு அலசிக் கொடுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை வாரம் இரண்டு முறை கழுவுங்கள். சம்ப் (பெரிய தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) இருந்தால் சீட்டோ என்ற கடற்பாசி ஒரு பிடி போட்டு இரவில் விளக்கு கொடுங்கள். வளர்ந்ததை அள்ளி எறிந்தால் நைட்ரேட்டும் அதோடு போகும்.

5-லிருந்து 10 வரை வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். பூஜ்யத்துக்குத் துரத்தினால் பவளம் வெளுக்கும், டைனோ என்ற வழவழப்பான தொல்லைப் பாசி பிடிக்கும். ஹேமர் பழுப்பானதற்குக் காரணம் அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி அளவு மீறிப் பெருகியதுதான். அது நிறம் திரும்பச் சில மாதம் ஆகலாம்.

வோட்கா வேலை செய்யும், பொய்யில்லை. அதைத் தின்று பாக்டீரியா பெருகும்போது நைட்ரேட்டையும் இழுத்துக்கொள்ளும். அந்தப் பாக்டீரியாவை ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி) வெளியே தள்ள வேண்டும். உங்கள் பட்டியலில் ஸ்கிம்மரே இல்லை. அப்படி ஊற்றினால் தண்ணீர் பால் போல் கலங்கி, இராத்திரியில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் திறக்கும். கிணற்றை நிறுத்தி இரண்டு மாதம் பாருங்கள். அப்போதும் 40-க்கு மேல் நின்றால் ஸ்கிம்மர் வாங்கிவிட்டு எனக்கு எழுதுங்கள், சொட்டுக் கணக்குச் சொல்கிறேன்.