பெங்களூரு ஐ.டி. சம்பளத்தை விட்டு சேலத்தில் காப்பித்தூள் கடை: 36 லட்சம் போதுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. ஐ.டி.யில் 12 வருடம், இப்போதைய கம்பெனியில் 6 வருடம். கைக்கு வரும் சம்பளம் 1,35,000, பேசிக் 55,000. பெங்களூரில் வாடகை வீடு. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. சேலத்துக்கு வந்தால் 15,000 சம்பளத்தில் வேலை கிடைக்கும். மகள் ஒன்றாம் வகுப்பு. அம்மாப்பேட்டையில் சொந்த வீடு, பெற்றோர் அங்கேதான் இருக்கிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. வீட்டுக் கடன் பாக்கி 18 லட்சம், வட்டி 8.5%, மாதத் தவணை 21,500. பி.எஃப். 14 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 16 லட்சம், எஃப்.டி. 6 லட்சம். வேலையை விட்டுவிட்டு, ஏற்காட்டுக் காப்பிக் கொட்டையை வாங்கி வறுத்து அரைத்து விற்கும் கடை போட ஆசை. 15 கிலோ வறுவல் மெஷினோடு 12 லட்சம் ஆகும் என்கிறார்கள். மாதம் 120 கிலோ விற்கும் என்று நினைக்கிறேன். கொட்டை கிலோ 500, தூள் 800, பாக்கெட்டும் கேஸும் கிலோவுக்கு 35. கடை வாடகை 9,000, ஆள் சம்பளம் 12,000. கூடவே ஏற்காட்டில் 2 ஏக்கர் தோட்டமும் வாங்கலாமா?

பதில்: 120 கிலோ கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம். மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது.

கொட்டையை வறுத்தால் எடை குறையும். நடுத்தர வறுவலுக்கு 16 சதவீதம் போகும் என்று வையுங்கள். 500 ரூபாய்க் கொட்டை வறுத்து இறங்கும்போது 595 ஆகிவிடுகிறது. பாக்கெட், கேஸ் 35 சேர்த்தால் 630. 800-க்கு விற்றால் கிலோவுக்கு நிற்பது 170 ரூபாய். 120 கிலோவுக்கு 20,400. வாடகையும் ஆள் சம்பளமும் 21,000. அதாவது, நீங்கள் நினைக்கும் அளவு விற்றாலும் மாதம் 600 ரூபாய் கையைக் கடிக்கும். கடைச் செலவு கட்டுப்படியாகவே 124 கிலோ விற்க வேண்டும்.

இனி வீட்டுக் கணக்கு. சேலத்துக்கு வந்தால் வாடகை மிச்சம். சாப்பாடு, பள்ளிக் கட்டணம், பெட்ரோல் எல்லாம் 32,000, தவணை 21,500, இன்சூரன்ஸுக்கு மாதம் 4,000 என்று வைத்தால் 57,500. மனைவியின் 15,000 போக 42,500 துண்டு விழுகிறது. கடைச் செலவோடு இதையும் கடையே தர வேண்டுமென்றால் மாதம் 374 கிலோ போக வேண்டும். ஞாயிறு விடுமுறை விட்டால் நாளுக்கு 14 கிலோவுக்கு மேல். சேலத்தில் இது முடியாத வியாபாரம் இல்லை. ஆனால் ஏற்கெனவே வாடிக்கை பிடித்த கடைகளுக்கு நடுவே முதல் வருடத்திலேயே இதை எட்டுவோம் என்று திட்டம் போடாதீர்கள். சிக்கரி கலந்தால் கிலோவுக்கு நிற்பது கூடும். கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எத்தனை சதவீதம் சிக்கரி என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

15 கிலோ மெஷின் வேண்டாம். 120 கிலோ தூளுக்கு 143 கிலோ கொட்டை வறுக்க வேண்டும். 5 கிலோ மெஷினில் அது 29 ஈடு. ஏற்றி, வறுத்து, ஆறவைத்து இறக்க ஈடுக்கு 25 நிமிடம் என்றால் மாதத்துக்கே 12 மணி நேர வேலை. 374 கிலோ விற்கும் காலம் வந்தாலும் 89 ஈடு, 37 மணி நேரம். சின்ன மெஷினே தாங்கும். மிச்சமாகும் பணம் சரக்கு வாங்கத் தேவைப்படும். புகைக்குழாயை மட்டும் மாடிக்கு மேலே தூக்கி விடுங்கள். நெருக்கமான தெருவில் அக்கம்பக்கத்துப் புகார் வருவது புகையால்தான்.

சரக்குப் பணத்தைப் பற்றி ஐ.டி.யிலிருந்து வருகிறவர்கள் யோசிப்பதே இல்லை. சம்பளம் மாதாமாதம் வரும். காப்பி அப்படியில்லை. ஏற்காட்டில் நவம்பரில் பழம் எடுக்க ஆரம்பித்தால் ஜனவரி, பிப்ரவரியோடு முடிந்துவிடும். நேரடியாகத் தோட்டக்காரரிடம் நல்ல சரக்கு எடுப்பது அந்தச் சில மாதம்தான். வருடம் முழுக்க வேண்டிய 1,716 கிலோவையும் அப்போதே வாங்கினால் 8.58 லட்சம் மூட்டையாக மாறி அறையில் கிடக்கும். வாங்காமல் விட்டால் ஜூலையில் வியாபாரி சொல்லும் விலைதான். ஏற்காட்டில் விளையும் அரபிகா வகைக் காப்பியின் விலையோ நியூயார்க் சந்தையைப் பார்த்து நகர்வது. 2025 பிப்ரவரியில் அது அதுவரை காணாத உச்சத்துக்குப் போனபோது சின்ன வறுவல் கடைகள் தூள் விலையை ஏற்றவும் முடியாமல், ஏற்றாமல் இருக்கவும் முடியாமல் திணறின. முதல் வருடம் நான்கு மாதச் சரக்கு, 572 கிலோ, 2.86 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஈரப்பத மீட்டர் கையில் இருக்கட்டும். காய்ந்த அரபிகா பார்ச்மென்ட்டில் (மேல் ஓடு நீக்காத கொட்டை) ஈரம் 10 சதவீதம்தான் இருக்க வேண்டும். 14 சதவீதத்தில் 100 கிலோ எடுத்தால் காய்ந்து நிற்பது 95.6 கிலோ. கிலோ 500 என்றால் 2,200 ரூபாய் தண்ணீருக்குக் கொடுத்ததாகிறது. அதைவிட மோசம், மூட்டைக்குள் பூஞ்சை பிடிப்பது. அந்த வாடை வறுத்தாலும் போகாது.

தோட்டம் இப்போது வேண்டாம். இந்தியாவில் அரபிகாவின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 200 கிலோவுக்குள்தான். 2 ஏக்கரில் அந்த அளவு விளைந்தாலும் உங்கள் கடைக்கு மூன்று மாதத்துக்குக் கூடக் காணாது. புதிதாக நட்டால் காய்க்க மூன்று, நான்கு வருடம். நிழல் குறைந்த இடத்தில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு விழுந்தால் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. பிற்பாடு வாங்கினாலும் 30 வருட வில்லங்கம் எடுங்கள். நிபந்தனைப் பட்டாவா (அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலமா) என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருவது. ‘காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடலாம்’ என்று புரோக்கர் சொல்வதை நம்பி விலை பேசாதீர்கள்.

பணத்தைப் பிரிப்போம். பி.எஃப். 14 லட்சத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்; அது இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட பிறகும் அதில் வட்டி ஏறும், ஆனால் அந்த வட்டிக்கு வரி உண்டு. பழைய கம்பெனிகளின் பி.எஃப். கணக்குகளை இப்போதைய கணக்கோடு இணைத்துவிட்டுத்தான் ராஜினாமா செய்ய வேண்டும். கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பதியாமல் விட்டால், இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. மூலம் நீங்களே பதியலாம். 10 வருடம் தாண்டிவிட்டதால் ஓய்வூதியப் பங்கைப் பணமாக எடுக்க முடியாது. ஓய்வூதிய உரிமையைக் காட்டும் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வையுங்கள். 58 வயதில் மாதம் சுமார் 2,500 தான் வரும், இருந்தாலும் உங்களுக்கு ஏதாவது ஆனால் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு.

கிராஜுவிட்டி (பணிக்கொடை), பேசிக்கை மட்டும் வைத்து: 55,000 × 15 ÷ 26 × 6 = சுமார் 1.90 லட்சம், வரி இல்லை. அதோடு எஃப்.டி., ஃபண்ட் சேர்ந்தால் 23.9 லட்சம். இதில் 24 மாதத் துண்டுக்கு 10.2 லட்சம் ஒதுக்குங்கள். கடை எவ்வளவு கேட்டாலும் இதில் கை வைக்கக் கூடாது. மருத்துவத்துக்கு 2 லட்சம். சின்ன மெஷின், அரவை, அட்வான்ஸ், அலமாரி எல்லாம் 5 லட்சத்துக்குள் முடியப் பாருங்கள். சரக்கோடு சேர்த்துக் கடைக்கு 8 லட்சம். மிச்சம் சுமார் 3.7 லட்சம் ஃபண்டிலேயே மகள் பேரில் நினைத்து விட்டுவிடுங்கள். ஃபண்டை ஒரே நாளில் விற்காதீர்கள். பங்குசார் ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரியில்லை, மேலே போனால் 12.5 சதவீதம். மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி விற்றால் இரண்டு வருடச் சலுகையும் கிடைக்கும்.

சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை இருக்கின்றன. டேர்ம் இன்சூரன்ஸ் தொகை வருமானத்தின் மடங்காகத்தான் கிடைக்கும். கடை போட்டு முதல் வருட ரிட்டர்னைக் காட்டினால் 1 கோடிக்கு யோசிப்பார்கள். கம்பெனி மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு போய்விடும். குடும்பத்துக்கு ஒன்று, அப்பா அம்மாவுக்குத் தனியாக ஒன்று இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம்; அப்பாவின் சர்க்கரைக்கு அந்தக் கடிகாரம் இன்றே ஓடத் தொடங்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. வீட்டுக் கடனுக்கு வட்டிக் குறைப்போ வேறு வங்கிக்கு மாற்றமோ கேட்பதென்றாலும் இப்போதே கேளுங்கள். தவணைக் காலத்தை 18 வருடமாக நீட்டினால் தவணை சுமார் 16,300 ஆகும். மொத்த வட்டி கூடும், ஆனாலும் முதல் இரண்டு வருடத்துக்கு அந்த 5,200 பெரிய மூச்சு. கடை நிமிர்ந்ததும் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம்.

தேதிக்கு வருவோம். வரும் அறுவடையில் 100 கிலோ மட்டும் வாங்குங்கள். ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவரிடம் கூலிக்கு வறுத்து அரைத்து, உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, அரைக் கிலோ பாக்கெட்டாக சேலத்தில் விற்றுப் பாருங்கள். தீர்ந்ததும் மறுபடி 100 கிலோ. வேலையில் இருந்துகொண்டு வேறு தொழில் செய்யலாமா என்று நியமன ஒப்பந்தத்தைப் படித்து, தேவையானால் அனுமதி வாங்குங்கள். மனைவி பெயரில் தொடங்கினால், நீங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த முதலில் வரும் லாபம் உங்கள் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். அவர் சேமிப்பிலிருந்தே போடுவது நல்லது.

யார் முதல் பாக்கெட் வாங்கினார் என்பது முக்கியமில்லை. உறவினர் எல்லோரும் ஒரு பாக்கெட் வாங்குவார்கள். மூன்றாவது பாக்கெட் வாங்கியவர்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜூன் மாதத்தில் அப்படிப்பட்டவர்கள் மட்டும் 60 கிலோ எடுத்தால் ஜூலை 1 அன்று ராஜினாமா கொடுங்கள். உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ் என்றால் செப்டம்பர் கடைசியில் வெளியே வந்து, நவம்பர் அறுவடைக்குத் தயாராக இருப்பீர்கள். அரை வருடச் சம்பளம்தான் என்பதால், இப்போதைய புதிய வரிமுறையில் 12 லட்சத்துக்குள் அடங்கினால் அதற்கு வரி வராது. முழு வருடத்துக்குக் கணக்கிட்டு ஏற்கெனவே பிடித்த டி.டி.எஸ். ரிட்டர்னில் திரும்பும்.

60 கிலோ வரவில்லை என்றால் வேலையை விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால், மாதம் பத்து நாள் ஒப்பந்த வேலை, வீட்டிலிருந்தே செய்வது போல, கிடைக்குமா என்று உங்கள் பழைய மேலாளர்களிடம் கேளுங்கள். அதில் 40,000 வந்தால் வீட்டுத் துண்டு ஏறக்குறைய அடைந்துவிடுகிறது. கடை 374 கிலோவுக்கு ஓட வேண்டியதில்லை, 124 போதும்.