பதினேழு இன்ச்சை மறந்துவிட்டு, பழைய பதினைந்து இன்ச்சைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். பெங்களூரில் 2015 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. கார் ஒன்று ப்ரோக்கர் மூலமாக வந்திருக்கிறது. கே.ஏ. (கர்நாடக) நம்பர், இரண்டாவது ஓனர். 17 இன்ச் அலாய் போட்டு, பார்க்க அசல் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே நிற்கிறது. அடிக்கடி ஏற்காடு போவோம், அப்பா அம்மாவும் வருவார்கள். இந்த வீல் மலைக்குத் தாங்குமா? 18 இன்ச் போட்டால் கிரிப் கூடுமா? ப்ரோக்கர் 25,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

பதில்: நீங்கள் வீலைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

18 இன்ச் வேண்டாம். 17-ம் வேண்டாம். இந்தக் காருக்குக் கம்பெனி கொடுத்தது 185/60 ஆர்15. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்; 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். இதில் 60 என்பது டயரின் பக்கச் சுவர் எவ்வளவு உயரம் என்பதைச் சொல்கிற எண். 185-இல் 60 சதவீதம், அதாவது 111 மில்லிமீட்டர். ப்ரோக்கர் காட்டிய வண்டியில் பெரும்பாலும் 205/45 ஆர்17 இருக்கும். அதன் சுவர் 92 மில்லிமீட்டர்தான். ரிம் பெரிதானதால் ரப்பர் குறைந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்க வேண்டியது அந்த ரப்பரும் அதற்குள் இருக்கிற காற்றும்தான். அது மெலிந்தால் அடி ரிம்முக்குப் போகும், அங்கிருந்து சஸ்பென்ஷனுக்கும், பின் சீட்டில் இருக்கிற உங்கள் அம்மாவின் இடுப்புக்கும் போகும்.

ஏற்காடு ரோட்டை நினைத்துப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மழைக்காலத்தில் வளைவின் உள்பக்கம் கல்லும் மண்ணும் சரிந்து கிடக்கும், எதிரே பஸ் வந்தால் நீங்கள் அந்த ஓரத்தில்தான் ஒதுங்கியாக வேண்டும். மெல்லிய டயர் கூர்மையான தார் விளிம்பில் ஏறி இறங்கினால் சுவருக்குள் இருக்கிற நூல் அறுந்து, வெளியே கொப்புளம் மாதிரி புடைக்கும். புடைத்த டயரைப் பஞ்சர் கடையில் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அதே டயரோடு இறக்கத்தில் வந்தால் எங்கே வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிரிப் கூடுமா என்றால், அகலமான நல்ல டயர் காய்ந்த ரோட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கிரிப்பைக் கொடுப்பது ரப்பரின் தரமும் அகலமும். ரிம்மின் விட்டத்துக்கும் அதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை. 15 இன்ச்சிலேயே நல்ல கம்பெனியின் புது டயர் நான்கு போட்டால், ஐந்து வருஷம் பழசான 17 இன்ச் டயரைவிட மழை ரோட்டில் நன்றாக நிற்கும். பெரிய ரிம் பொதுவாகக் கனம் அதிகம். இறக்கத்தில் அந்தக் கனத்தைப் பிடித்து நிறுத்துவது அதே பழைய பிரேக்தான். (உங்கள் வண்டியில் இருப்பது டி.எஸ்.ஜி., தானாகக் கியர் மாறுகிற பெட்டி. அதில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 'டி'யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். லீவரைப் பக்கவாட்டில் தள்ளி இரண்டாவது கியரில் பிடித்து இறங்குங்கள்.)

பெரிய வீல் போட்டால் வண்டி உயரும், ஸ்பீட் பிரேக்கர் தட்டாது என்று கடையில் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள்: 185/60 ஆர்15-இன் மொத்த விட்டம் சுமார் 603 மில்லிமீட்டர், 205/45 ஆர்17-க்கு 616. வித்தியாசம் 13. அதில் பாதிதான் தரைக்கு மேலே உயரும், அதாவது ஆறு ஏழு மில்லிமீட்டர். அதற்காகவா இவ்வளவு செலவு?

இதைவிட ஆபத்தான ஒன்று வெளியே தெரியாமல் இருக்கிறது. போலோவின் வீலைப் பிடிப்பது நட் இல்லை, போல்ட். ஐந்து போல்ட். ஒரு போல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். தலைக்குக் கீழே, ரிம்மில் போய் உட்காருகிற கழுத்துப் பகுதி கம்பெனி போல்ட்டில் உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்குகிற அலாய்களில் பெரும்பாலும் அந்தக் குழி கூம்பு வடிவம். உருண்டைக் கழுத்தைக் கூம்புக் குழியில் வைத்து முறுக்கினால் முறுகத்தான் செய்யும், இறுக்கமாகவும் தெரியும். ஆனால் முழுப் பரப்பும் ஒட்டாது, ஒரு மெல்லிய கோட்டில்தான் தொட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு தளரும். நம்ம ஊரில் டயர் மாற்றுகிற பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. ஆயிரக்கணக்கில் லாபம் வைத்து அலாய் விற்கிற கடைக்காரர்தான் சரியான போல்ட்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதோடு, இந்தக் காரின் ஹப், அதாவது வீல் போய் உட்காருகிற நடுப்பகுதி, 57.1 மில்லிமீட்டர். வெளி அலாயின் நடுத்துளை அதைவிடப் பெரிதாக இருந்தால், நடுவில் ஒரு வளையம், ஹப் ரிங், போட வேண்டும். அது இல்லாவிட்டால் 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். நீங்கள் அலைன்மென்ட், பேலன்சிங் என்று காசைக் கொட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

இனி சட்டம். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இந்த மாதிரி மாற்றங்களைத்தான்.

ஒரே ஒரு வழி மட்டும் கொஞ்சம் திறந்திருக்கிறது. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம், அதனால் விரிவாகச் சொல்கிறேன். இதே போலோவின் பிந்தைய மேல் ரகங்களுக்குக் கம்பெனியே 16 இன்ச், 195/55 டயர் கொடுத்தது. அதே கம்பெனி ரிம், அதே போல்ட். நீங்கள் எப்படியும் பெரிதாகப் போட்டே தீருவேன் என்றால் இதோடு நிறுத்துங்கள். ஆனால் இதிலும் கவனம் வேண்டும். '16 இன்ச் கம்பெனியே கொடுத்தது' என்பதைப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் வேறு ஏதாவது 16 இன்ச் அலாயைக் கட்டிவிடுவார். அது இந்த வழிக்குள் வராது. ரிம்மின் உள்பக்கம் கம்பெனி முத்திரையும் பாக எண்ணும் வார்ப்பிலேயே இருக்க வேண்டும். இன்னொன்று, இந்த அளவு பழையதைவிட விட்டத்தில் சுமார் 3 சதவீதம் பெரிது. மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிடக் கொஞ்சம் வேகமாகவே போய்க்கொண்டிருப்பீர்கள். டயரின் சுமை எண்ணும் 84-க்குக் குறையக் கூடாது. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும் என்று பொருள். உங்கள் வண்டி தயாரான ஆண்டில் 15 மட்டும்தான் வந்திருந்தால் அதிகாரி ஏன் என்று கேட்கலாம், அதற்கும் தயாராக இருங்கள். இவ்வளவு பார்த்துப் போடுவதைவிட 15-இலேயே நல்ல டயர் போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆகவே ப்ரோக்கரிடம் முதல் கேள்வி: பழைய 15 இன்ச் வீல் நான்கும் எங்கே? இருந்தால் விலையோடு சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் குறையுங்கள். வீல் மாற்றின வண்டி என்றால் இன்ஜினையும் தொட்டிருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு பாருங்கள். இந்த 1.2 டி.எஸ்.ஐ. கம்பெனியில் 105 குதிரைத் திறன், 175 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி, இதைக் கூட்டுவது பெங்களூரில் சர்வ சாதாரணம். கூட்டியதன் சுமை எல்லாம் ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. பெட்டியின் தலையில் விழும். இந்தப் பெட்டியில் மெக்கட்ரானிக், அதாவது கியரை மாற்றுகிற மின்னணுப் பகுதி, போனால் செலவு பெரிது. அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டிச் சூடேற்றிவிட்டு, ஏதாவது அடுக்குமாடியின் கீழ்த்தள பார்க்கிங் சரிவில் ஊர்ந்து ஏறுங்கள், பிறகு ரிவர்ஸிலும் ஏறுங்கள். உதறினால், தயங்கினால், கியர் எழுத்து மீட்டரில் மின்னினால் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு நெரிசலில் அந்தப் பெட்டிக்கு இதே வேலைதான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி.

இப்போது அந்த அட்வான்ஸ். 'பேரு அப்புறம் மாத்திக்கலாம்ணா' என்று சொல்கிற ப்ரோக்கர், பெயர் மாற்றத்துக்கான, ஓனர் கையெழுத்துப் போட்ட வெற்று 29, 30 ஃபாரங்களைக் கையில் வைத்திருப்பார். ஓனர் யாரென்றே உங்களுக்குக் காட்ட மாட்டார். ஓனரும் நீங்களும் நேரில் பேசிவிட்டால் நடுவில் அவர் வைக்கிற தொகை தெரிந்துவிடும். அந்த ஃபாரங்களை வைத்து நீங்கள் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் ஆர்.சி.யில் வேறு ஆள் பெயர். விபத்து என்றால் நஷ்ட ஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே விற்பவரும் பயப்பட வேண்டும். உங்கள் வண்டியின் சேதத்துக்கோ, இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் இல்லை என்று கையை விரித்துவிடுவார்கள். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை மாற்றக் கேட்டுவிட வேண்டும்.

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிக்கு அரசு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும். ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததும் ஆன்லைனில் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால் புரிந்துகொள்ளுங்கள். விதி நல்ல விதி. ஆனால் அதைக் கடைகளில் போய்ச் சரிபார்க்க ஆள் இல்லை, ப்ரோக்கர்கள் பழையபடியே நடக்கிறார்கள்.

கே.ஏ. வண்டியை நிரந்தரமாக இங்கே வைத்துக்கொள்ள, அங்கே என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி இங்கே புது நம்பர் போட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் அந்த நம்பரில் ஓட்டக் கூடாது. லோன் பாக்கி இருந்தால் முதலில் ஹைபோதிகேஷன், அதாவது ஆர்.சி.யில் இருக்கிற கடன் அடமானக் குறிப்பை, நீக்க வேண்டும். தமிழ்நாட்டு ஆயுள் வரி தனி. கர்நாடகத்தில் கட்டியதில் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேட்க இன்னொரு மனு. ஒரே நாடு, வண்டி ஓட்ட லைசென்ஸ் ஒன்றே போதும், ஆனால் ஓசூர் எல்லை தாண்டினால் வண்டிக்கு மறுபடியும் வரி. விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதையே பேப்பரில் அச்சடித்துக் கொண்டுவா என்கிறார்கள். இந்த அலைச்சலால்தான் மக்கள் ப்ரோக்கர் கையில் போய் விழுகிறார்கள். இங்கே நம்பர் போடும்போது இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்ப்பார், மட்கார்டுக்கு வெளியே துருத்துகிற 17 இன்ச் அங்கேயே வம்பு.

25,000-ஐ இப்போது கொடுக்காதீர்கள். ஓனரின் ஆர்.சி. நகல் கேட்டு, எம்பரிவாஹன் என்கிற அரசுச் செயலியில் நம்பரைப் போட்டு பெயர், இன்சூரன்ஸ், லோன் மூன்றையும் ஒத்துப்பாருங்கள். பிறகு பெங்களூரில் ப்ரோக்கருக்குச் சம்பந்தமில்லாத ஒரு வொர்க்‌ஷாப்பில் வண்டியின் கம்ப்யூட்டரை ஸ்கேன் போட்டுப் பாருங்கள். வண்டி சரியாக இருந்தால் பணத்தை ஓனரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்புங்கள், என்.ஓ.சி. கைக்கு வரும்வரை ஒரு பகுதியை நிறுத்தி வைத்துக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொப்பூர் வழியாக ஊருக்கு ஓட்டி வருவதற்கு முன்பே 15 இன்ச் வீலை மாட்டிவிடுங்கள், போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பேனர்) வைத்து 120 நியூட்டன் மீட்டரில் இறுக்கச் சொல்லுங்கள். சேலம் வந்ததும் மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும்.