ரெஸ்க்யூ நாய்க்கு நிரந்தர வீடு பாக்குதது எப்படி? பாளையங்கோட்டை அக்கா கேள்வி பதில்

வணக்கம் மக்கா. நான் பாளையங்கோட்டை சமாதானபுரம். 11 வருசமா ரோட்டுல அடிபட்டு கெடக்கது, குப்பைத்தொட்டிக்கிட்ட சாக்குல கட்டிப் போட்டுட்டுப் போனது, இப்படி கண்ணுல படுத நாய்களைத் தூக்கிட்டு வந்து தேத்தி வீடு பாத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன். டாக்டர்லாம் இல்ல, மெடிக்கல் ஷாப்புல கணக்கு எழுதுதவ. வைத்தியம் கேட்டியன்னா டாக்டர்ட்ட போங்கன்னுதான் சொல்லுவேன், வீடு பாக்குத விசயம் மட்டும் எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. வந்த கேள்விக்கு ஒண்ணொண்ணா பதில் சொல்லுதேன்.

வண்ணார்பேட்டையில இருந்து: அக்கா, பைபாஸ் பாலத்துக்கு கீழ ஒரு குட்டி கெடந்துச்சு, இப்பத்தான் கண்ணு தொறந்துருக்கு. தெரிஞ்ச ஒருத்தர் இன்னைக்கே தாங்கன்னு கேக்காரு, குடுத்திரலாமா?

குடுத்திராதிய. கண்ணு இப்பத்தான் தொறந்துருக்குன்னா ரெண்டு வாரம் கூட ஆகிருக்காது. முதல்ல தாய் இருக்கான்னு பாத்தியளா? பாதி நேரம் அது சோறு தேடிப் போயிருக்கும், நம்ம ஆளுங்க பாவம்னு குட்டியைத் தூக்கிட்டு வந்துருதோம், அது திரும்பி வந்து தேடிக்கிட்டு அலையும். எடுத்த இடத்துலயே வச்சிட்டு தூரமா நின்னு ரெண்டு மூணு மணி நேரம் பாருங்க. நிச்சயமா தாய் இல்லன்னா கடையில நாய்க்குட்டிக்குன்னே பால் பவுடர் விக்கி, அதை ரெண்டு மூணு மணிக்கொருக்க கலக்கிக் குடுக்கணும், ராத்திரியும்தான். பசும்பால் வேண்டாம், வயித்தால போயிரும். குடிச்சு முடிச்சதும் பஞ்சை வெதுவெதுன்னு இருக்குத தண்ணியில நனைச்சு அடிவயித்துக்கு கீழ பைய தடவி விடுங்க, அப்பத்தான் ஒண்ணுக்கு ரெண்டுக்கு போகும், அந்த வயசுல அதுக்கு தானா போகத் தெரியாது. இவ்வளவையும் அவர் செய்வாரான்னு கேளுங்க, செய்வேன்னாலும் 8 வாரம் கழிச்சே குடுங்க. 6 வாரத்துல இருந்து 8 வாரத்துக்குள்ள முதல் தடுப்பூசி, பெறவு 16 வாரம் வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணு, வெறிநாய்க்கடி ஊசி 3 மாசத்துல. முதல் ஊசி போட்ட அட்டையோட குடுத்தா வாங்குதவங்களுக்கும் ஒரு பொறுப்பு வரும்.

தச்சநல்லூர்ல இருந்து: எங்க வீட்டு குட்டி போன மாசம் பார்வோ வைரஸ் நோயில செத்துட்டு. மனசு கேக்கல, வேற குட்டி தருவியளா?

இப்ப தரமாட்டேன், கோவிச்சுக்கிடாதிய. அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்கா, சமயத்துல ஒரு வருசம் வரைக்கும் கூட கெடக்கும். பினாயில் ஊத்திக் கழுவினா சாவாது, பிளீச்சிங் கலந்த தண்ணிதான் சரி, அதுவும் சிமெண்ட் தரைக்குத்தான், முத்தத்து மண்ணுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. ஊசி முழுசா போட்டு முடிச்ச பெரிய நாயா எடுத்துக்கிடுங்க. இப்ப என்கிட்டயே ரெண்டு இருக்கு.

மேலப்பாளையத்துல இருந்து: 4 குட்டில 3 கடுவன் ஒரே வாரத்துல போயிட்டு. பொட்டக்குட்டி மட்டும் ரெண்டு மாசமா நிக்கி, பொட்டைன்னு சொன்னதும் போனை வச்சிருதாங்க. என்ன செய்ய?

இந்த ஊர்ல நாய்க்கு வீடு பாக்குததுல பாதி வேலை இதுதான். பொட்டை வேண்டாம்னு சொல்லுதவங்ககிட்ட நான் தர்க்கம் பண்ணுததே இல்ல. ஏன் வேண்டாம்ங்காங்க? வருசத்துக்கு ரெண்டு தடவை ஹீட்டுக்கு வரும், வாசல்ல தெருநாயெல்லாம் வந்து நிக்கும், 63 நாள்ல குட்டி போடும், அதை எங்க கொண்டு விட? நியாயமான பயம்தான். அந்தப் பயத்தை எடுத்துட்டோம்னா குட்டி போயிரும், அதனால குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணிட்டுத்தான் பொட்டையைக் குடுக்கது. ஆறு மாசம் ஆனதும் டாக்டர் பாத்துட்டு தேதி குடுப்பாங்க. நான் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு கொண்டு போவேன், காலையிலயே போயிரணும், முந்தின ராத்திரிக்கு மேல ஒண்ணும் குடுக்கப்படாது. வந்த பெறவு 10 நாள் தையலை நக்க விடாம கழுத்துல கூம்பு மாட்டி வச்சிருக்கணும், அந்தக் கூம்போட அது நடையில இடிச்சு இடிச்சு நடக்குதப்ப நமக்கு சிரிப்பாணியும் வரும் பாவமாவும் இருக்கும்.

அது வரைக்கும் நீங்கதான் வளக்கணும், ஆமா, அதுக்கு குறுக்கு வழி கிடையாது. சின்னதுலயே கேட்டு வாரவங்கட்ட, "ஆறு மாசத்துல நானே வந்து கூட்டிட்டுப் போயி ஆபரேசன் பண்ணி கொண்டு வந்து விடுவேன், செலவு என்னது"ன்னு சொல்லிப் பாருங்க. நான் அப்படிச் சொல்லித்தான் போன வருசம் மூணு பொட்டையைக் குடுத்தேன். அதுல ஒரு வீட்டு ஆச்சி முதல்ல முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னாவ, இப்ப "என் மகராசி"ன்னு கூப்புட்டு மீன் தலையை அவிச்சு முள்ளு எடுத்து ஊட்டுதாவ.

பேட்டையில இருந்து: போட்டோ போட்டு ஒரு வாரமாச்சு, 200 பேரு அழுத பொம்மை போட்டுருக்காங்க, ஒருத்தர் கூட கேக்கல.

நீங்க போட்ட போட்டோவைப் பாத்தேன் தம்பி. நீங்க நின்னுக்கிட்டு மேல இருந்து எடுத்துருக்கிய, நாய் பயந்து வாலைச் சுருட்டி அண்ணாந்து பாக்கு, கீழ "யாராவது காப்பாத்துங்க ப்ளீஸ்"ன்னு எழுதிருக்கிய. அதைப் பாத்தா இரக்கம் வரும், இரக்கப்பட்டா அழுத பொம்மைதான் வரும். தரையில குத்த வச்சு உக்காந்து அதோட கண்ணு மட்டத்துல எடுங்க, காலைல 8 மணி வெயில்ல, கையில ஒரு பிஸ்கெட்டை போனுக்கு மேல பிடிச்சீங்கன்னா காதைத் தூக்கிட்டு நேரா பாக்கும். கருப்பு நாய்னா நிழல்ல எடுத்துராதிய, கண்ணு மூக்கு ஒண்ணும் தெரியாது, கருப்பு நாய் வீடு கிடைக்காம நிக்கதுக்கு பாதி காரணம் போட்டோதான். (தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வடைமாலை போடுத ஊரு, வீட்டுக்கு கருப்பு நாய் வேண்டாமாம்!) எழுதும்போது வயசு, கடுவனா பொட்டையா, ஊசி ஆபரேசன் விவரம், பூனை கோழியோட ஒத்துப்போகுமா, சின்னப் பிள்ளைகளைப் பாத்தா என்ன செய்யும், கெட்ட பழக்கம் என்ன, எல்லாம் எழுதுங்க. "செருப்பு கடிக்கும், இடி இடிச்சா கட்டிலுக்கு கீழ போயிரும்"னு நான் எழுதின நாய்க்குத்தான் சீக்கிரம் ஆள் வந்துச்சு, அவங்க வீட்டுல பழைய நாயும் அப்படித்தானாம்.

களக்காட்டுல இருந்து: நமக்கு மலையடிவாரத்துல வாழைத்தோட்டம் இருக்கு, காவலுக்கு ரெண்டு நாய் வேணும் அக்கா, இலவசமா தருவியளா?

அண்ணாச்சி, ராத்திரி நாய் எங்க படுக்கும்? தோட்டத்துல தனியா சங்கிலியிலன்னா தரமாட்டேன். அந்தப் பக்கம் சிறுத்தை இறங்குதது உங்களுக்குத் தெரியாததா, கட்டிக்கெடக்க நாய் அதுக்கு தட்டுல வச்ச சோறு. தோட்டத்துல ஆளு குடும்பத்தோட தங்கியிருக்காங்க, ராத்திரி நாயும் உள்ள அடைஞ்சுக்கிடும்னா சொல்லுங்க, நானே வந்து பாக்கேன்.

பெருமாள்புரத்துல இருந்து: வீடு நல்ல வீடான்னு எப்படி கண்டுபிடிக்க? என்னென்ன கேப்பிய?

நான் இதுல அடிபட்டு படிச்சவ, அதைச் சொன்னாத்தான் நான் கேக்குத கேள்வி உங்களுக்குப் புரியும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் யாருக்கும் மறந்துருக்காது, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துட்டு. அந்த வாரம் என் வீட்டுல மட்டும் 14 நாய், தார்சாவுல நடக்க இடமில்ல, ஈர நாத்தம், என் வீட்டுக்காரரு பேச்சை நிப்பாட்டி மூணு நாளு. அப்ப ஒருத்தர் வந்து செவலை ஒண்ணைப் பாத்து இதைத் தாங்கன்னாரு. நல்லா பேசினாரு, கார்ல வந்துருந்தாரு. நான் வீட்டைப் பாக்கல, அவர் வீட்டம்மாட்ட பேசல, ஒரு நாய் குறைஞ்சுதேன்னு குடுத்துட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பக்கம் போனவ எட்டிப் பாத்தேன். வீட்டுக்குப் பின்னால மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு முழம் கயிறுல கட்டிக்கெடக்கு, கயிறு கழுத்துல இறங்கி புண்ணாகி ஈ மொய்க்கி. அந்தம்மா சொன்னாவ, "எனக்கு நாய்னாலே ஆகாது, நான் அன்னைக்கே வேண்டாம்னேன்"னு. தப்பு அவங்க மேல இல்ல, கேக்காம குடுத்தவ நான். கயிறை அவுத்து என் வண்டியிலயே கூட்டிட்டு வந்துட்டேன், புண்ணு ஆற ஆறு வாரம் ஆச்சு.

அன்னையில இருந்து வீட்டுல உள்ள அத்தனை பேரும் சம்மதிக்காம நாயை விடுதது இல்ல, முக்கியமா பகல்ல வீட்டுல இருக்குதவங்க, ஏன்னா சோறு வைக்கப் போறது அவங்கதான். போன்ல முடிக்க மாட்டேன், நேர்ல போவேன். காம்பவுண்டு எவ்வளவு உசரம், கேட்டுக்கு கீழ சந்து இருக்கா, தண்ணிச் சட்டி எங்க வைப்பிய, குலதெய்வம் கோயிலுக்கு நாலு நாள் குடும்பத்தோட போனா யாரு பாப்பா? வாடகை வீடுன்னா ஓனர்ட்ட நானே பேசிக்கிடுவேன். இதுக்கு முன்னால நாய் வளத்திருந்தா அது என்னாச்சுன்னு கேப்பேன், வயசாகி செத்துச்சுன்னா சந்தோசம், "காணாம போயிட்டு, அதுக்கு முந்தினதும் காணாம போயிட்டு"ன்னா தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துருவேன். ஆதார் நகல் வாங்கி, வளக்க முடியலன்னா வேற யாருக்கும் குடுக்காம என்கிட்டயே தரணும்னு எழுதிக் கையெழுத்து வாங்குவேன். அன்னைக்கே நாயை விடமாட்டேன், ரெண்டு நாள் கழிச்சு நீங்களே கூப்புடுங்கன்னு வந்துருவேன். கூப்புடாதவங்க நெறைய பேரு. கூப்புடாததும் நல்லதுதான்.

கங்கைகொண்டான்ல இருந்து: நாலுவழிச் சாலையில ஒல்லியா ஒரு சிப்பிப்பாறை சாதி நாய் சுத்துது, எலும்பு தெரியுது. வீடு பாத்துக் குடுக்கலாமா?

சிப்பிப்பாறை ஒடம்பே அப்படித்தான், நல்லா தின்னாலும் விலா எலும்பு லேசா தெரியும். இடுப்பெலும்பு துருத்திக்கிட்டு இருந்தாத்தான் பட்டினின்னு அர்த்தம். முதல்ல டாக்டர்ட்ட காட்டி தோலுக்கு அடியில ஓனர் யாருன்னு காட்டுத சிப் இருக்கான்னு ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, பக்கத்து ஊர்ல விசாரிங்க, முயலு பின்னால ஓடி வழி தப்பிருக்கும். யாரும் வரலன்னா விளம்பரத்துல "சிப்பிப்பாறை"ன்னு போடாதிய, குட்டி எடுத்து விக்குதவன் கூட்டமா வருவான். ஆபரேசன் முடிச்சிட்டு "நாட்டு நாய், நல்லா ஓடும், ஆடு கோழி இருக்குத வீட்டுக்கு ஆகாது"ன்னு போடுங்க. வெள்ளையா ராஜபாளையம் கிடைச்சா இன்னொண்ணு பாருங்க, பின்னால நின்னு தட்டைத் தட்டுங்க, அந்தச் சாதியில சிலதுக்கு பிறவியிலயே காது கேக்காது.

தென்காசியில இருந்து: உங்ககிட்ட இல்ல, வேற இடத்துல எடுத்தோம். வந்து 3 நாளாச்சு, கட்டிலுக்கு கீழயே கெடக்கு, சாப்பிடல, கொண்டு விட்டுரலாம்னு வீட்டுல சொல்லுதாங்க.

கொஞ்சம் பொறுங்க. நாய் வளக்குதவங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க, 3 நாள் பயம், 3 வாரத்துல வீட்டுப் பழக்கம், 3 மாசத்துல தான் நம்ம வீடுன்னு நம்பும். கையை விட்டு இழுக்காதிய, கடிச்சிரும். சொந்தக்காரங்களைக் கூட்டியாந்து காட்டாதிய. சோத்துல கொஞ்சம் கறிச்சாறு ஊத்தி (வெங்காயம் போட்டது ஆகாது, நாய்க்கு விசம்) கட்டில் பக்கத்துல வச்சிட்டு லைட்டை அமத்திட்டுப் போயிருங்க, காலைல தட்டு காலியா இருக்கும். தண்ணியும் குடிக்கல, வாந்தி, காய்ச்சல்னா பயம் இல்ல அது, நோய், அன்னைக்கே டாக்டர்ட்ட போயிருங்க. பல்லு பட்டு ரத்தம் வந்தா சோப்பு போட்டு ஓடுத தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு அன்னைக்கே நீங்க வெறிநாய்க்கடி ஊசி போட்டுருங்க, நம்ம வீட்டு நாய்தானேன்னு இருந்துராதிய.

பாளையங்கோட்டை கல்லூரி மாணவி: எங்க கேம்பஸ்ல 6 வருசமா ஒரு நாய் இருக்கு, இப்ப பிடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு பயமா இருக்கு.

பொதுவா ஆபரேசன் பண்ணி ஊசி போட்ட தெருநாயை எடுத்த இடத்துலயே திரும்ப விடணும்னுதான் மத்திய அரசோட 2023 நாய் கருத்தடை விதி சொல்லுது. ஆனா 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேசன் வளாகத்துல பிடிச்ச நாயை அங்கனயே விடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அதனால உன் பயம் சரிதான் பிள்ளை, வீடு பாக்குததுதான் வழி. 6 வயசு நாய்க்கு யாரு வருவாங்கன்னு நினைக்காத. ரிட்டயர்டு ஆனவங்களுக்கு அதுதான் தோது, குட்டி மாதிரி ஓடாது, சாமானைக் கடிக்காது, வெளிய போகணும்னா வாசல்ல வந்து நிக்கும். வாட்ச்மேன், கேன்டீன் அண்ணாச்சி, பழைய டீச்சர்மார்ட்ட முதல்ல கேளு. அதுக்கு அவங்களைத் தெரியும், பாதி வேலை முடிஞ்சிட்டு.

சென்னையில இருந்து: நாங்க எடுத்துக்கிடுதோம், ரயில்ல அனுப்ப முடியுமா?

தனியா அனுப்ப மாட்டேன், நீங்க வரணும். ஏசி பர்ஸ்ட் கிளாஸ்ல கூபே (ரெண்டு பேர் படுக்குத தனி அறை) முழுசா புக் பண்ணினா கூடவே கூட்டிட்டுப் போகலாம், இல்லன்னா ரயில் கார்டு இருக்குத பெட்டியில உள்ள கூண்டுதான், அதுல பயந்த நாயை ராத்திரி முழுக்கப் போட எனக்கு மனசு வராது. கார்னா ரொம்ப நல்லது.

பேர் சொல்லாத ஒருத்தர்: ஒத்து வரலன்னா ரோட்டுல விட்டா என்ன, நாய்தான?

வீட்டு நாயை அம்போன்னு விடுதது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல குத்தம். அடுத்த கேள்வி.

மறுபடியும் பெருமாள்புரம்: நீங்க கேக்குத கேள்வியெல்லாம் வீட்டுல படிச்சுக் காட்டினேன் அக்கா. அந்த மூணு கால் நாய் போட்டோ போட்டியளே, அது இன்னும் இருக்கா?

இருக்கு. லாரியில அடிபட்டு பின்னங்காலு ஒண்ணை எடுத்துட்டாங்க, மத்தபடி படியேறும், ஓடும், வழுவழு டைல்ஸ்லதான் வழுக்கும், பழைய சாக்கோ கால் மிதியோ போட்டு வச்சிருங்க. ஞாயித்துக்கிழமை 10 மணிக்கு மேல நான் வாரேன், முதல்ல நான் மட்டும்தான், நாய் வராது. வீட்டுல எல்லாரும் இருக்கணும், உங்க மாமியார் அன்னைக்கு கோயிலுக்குப் போறதா இருந்தா சொல்லுங்க, திங்கக்கிழமை சாயங்காலம் வாரேன்.