டெக்சஸுக்கு அனுப்பினால் வரி மிச்சமா?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறோம். மகள் டென்னிஸ் வீராங்கனை. இங்குள்ள கல்லூரி ஒன்றும் டெக்சஸ் கல்லூரி ஒன்றும் அவளுக்கு ஆண்டுக்கு 40,000 டாலர் தர முன்வந்துள்ளன. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாதே, அங்கே அனுப்புவதுதானே லாபம்?

பதில்: 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று ஆனதிலிருந்து பல வீடுகளில் இதே கணக்குத்தான் ஓடுகிறது. உங்கள் விஷயத்தில் அது பலிக்காது.

படிப்பதற்காக வெளிமாநிலம் போகும் பிள்ளையைக் கலிஃபோர்னியா பொதுவாகத் தன் குடியாகவே கருதும். தன் குடிகள் எங்கே சம்பாதித்தாலும் வரி கேட்கும். வேறு மாநிலத்தில் வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். டெக்சஸ் எதுவும் வாங்குவதில்லை, ஆகவே கழிக்கவும் எதுவும் இல்லை. டெக்சஸையே நிரந்தர வீடாக்கிக்கொண்டால்தான் விடுதலை. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு எல்லாம் அங்கே மாற வேண்டும்; திரும்பி வரும் எண்ணமும் இருக்கக் கூடாது. உரிமத்தை மட்டும் மாற்றிவிட்டு, கோடை முழுக்க அம்மா சமையலுக்கு ஃப்ரீமான்ட் வந்துவிட்டால் வாதம் நிற்காது.

சரி, அந்த வரிதான் எவ்வளவு? எல்லோரும் அஞ்சும் 13.3 சதவீதம் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு. 40,000 டாலருக்குக் கலிஃபோர்னியா கேட்பது சுமார் 600 டாலர். மகள் விடுமுறைக்கு நான்கு முறை வந்துபோனால் விமான டிக்கெட்டுக்கே அது சரியாகிவிடும். ஐந்து லட்சம் டாலர் வாங்கும் அமெரிக்கக் கால்பந்து வீரருக்குத்தான் இது பெரிய விஷயம். அவர் இங்கே 40,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டிவரும். ஆர்கன்சா மாநிலம் 2025இல் இத்தகைய வருமானத்துக்கு வரிவிலக்கே அளித்தது அவரைப் போன்றவர்களை ஈர்க்கத்தான்.

உங்கள் மகள் கவனிக்க வேண்டியது மத்திய அரசின் வரியை. இந்தப் பணம் பொதுவாகச் சம்பளமாக வராது. சம்பளமல்லாத வருமானத்தைக் காட்டும் 1099 படிவத்தில், எந்தப் பிடித்தமும் இல்லாமல் முழுத் தொகையாக வரும். அதன்மீது 15.3 சதவீத சுயதொழில் வரி (முதலாளி இல்லாதவர் தாமே கட்டும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி) உண்டு. 40,000க்குக் கிட்டத்தட்ட 5,650 டாலர், வருமான வரி தனி. டெக்சஸானாலும் கலிஃபோர்னியாவானாலும் இதில் மாற்றமில்லை.

கல்லூரி எதுவானாலும், ஒவ்வொரு தவணை வந்ததும் கால் பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடச் சொல்லுங்கள். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களின் 15ஆம் தேதிதான் முன்கூட்டி வரி கட்டும் கெடு; தவறினால் அபராதம் வரும்.